பழைய ஃபார்முலா 1 சீசன்களின் புள்ளிப் பட்டியலை நீங்களே தயாரிக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கிய பலருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். 1950 தொடங்கி ஒவ்வொரு சீசனுக்கும் நம் கையால் ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும்: எந்தப் பந்தயத்தில் யார் எத்தனையாவது, எத்தனை புள்ளி, கடைசியில் யார் சாம்பியன். முடிவுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன, கூட்டத் தெரிந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. 1988ஆம் ஆண்டின் முடிவுகளைக் கூட்டிப் பாருங்கள். ஆலன் புரோஸ்ட் 105, அயர்டன் சென்னா 94 என்று வரும். ஆனால் அந்த ஆண்டின் சாம்பியன் சென்னா. உங்கள் கூட்டலில் பிழை இல்லை. அந்த ஆண்டின் விதி வேறு.

முதலில் அந்த ஆண்டின் விதி, பிறகுதான் அந்த ஆண்டின் முடிவு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பாதி வழியில் கணக்கு இடிக்கும்போது விதியைத் தேடி ஓடுகிறார்கள். வேலையை எந்த வரிசையில் செய்வது, எந்த ஆவணத்தை நம்புவது, எதற்குப் பணம் செலவழிக்கலாம், எப்போது எழுதி மூடலாம் என்பதை நான் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன். பந்தயங்களின் கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அது இங்கே கிடையாது.

1. எந்த சீசனில் தொடங்குவது

எடுத்த எடுப்பில் 1950க்குப் போகாதீர்கள். முதல் பயிற்சிக்கு 1996 சீசனை எடுங்கள். 16 பந்தயங்கள், முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் புள்ளி (10-6-4-3-2-1), எல்லா முடிவுகளும் கணக்கில் சேரும், பந்தயத்தின் மிக வேகமான சுற்றை ஓட்டியவருக்குத் தனிப் புள்ளி கிடையாது, இடையில் நிறுத்தப்பட்டதால் பாதிப் புள்ளி மட்டும் தந்த பந்தயம் எதுவும் இல்லை. ஒரு பந்தயத்துக்கு 26 புள்ளி. ஆக சீசனுக்கு 416. ஓட்டுநர்கள் அத்தனை பேரின் புள்ளிகளையும் கூட்டினால் 416 வர வேண்டும். வில்லியம்ஸின் 175 முதல் ஃபுட்வொர்க்கின் 1 வரை அணிகளைக் கூட்டினாலும் அதே 416 வர வேண்டும். வரும்.

இந்தச் சரிபார்ப்புத் தொகையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் பொறிகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

1996லேயே ஒரு சிறிய பாடமும் இருக்கிறது. மொனாக்கோ பந்தயத்தில் மிகா சலோவும் மிகா ஹக்கினனும் கடைசிச் சுற்றுகளில் மோதி நின்றுபோனார்கள். ஆனாலும் ஐந்தாவது, ஆறாவது இடத்துக்கான புள்ளிகள் அவர்களுக்கே. வெற்றியாளர் ஓடிய தூரத்தில் 90 சதவீதத்தை முடித்தவர் கொடியைத் தொடாவிட்டாலும் வகைப்படுத்தப்படுவார், அதாவது முடிவுப் பட்டியலில் இடம்பெறுவார் என்பது விதி. 'ஓய்வு' என்று போட்டிருப்பவர்களுக்கெல்லாம் பூஜ்யம் எழுதிக்கொண்டே போனால் இங்கே மூன்று புள்ளி காணாமல் போகும்.

2. எந்தப் பந்தயங்கள் சேரும், எவை சேராது

ஓர் ஆண்டில் ஃபார்முலா 1 கார்கள் ஓடிய பந்தயங்கள் எல்லாம் உலக சாம்பியன்ஷிப் பந்தயங்கள் அல்ல. 1983 வரை சாம்பியன்ஷிப்பில் சேராத பந்தயங்கள் நடந்தன; 1950, 60களில் அவை ஏராளம். பழைய செய்தித்தாளில் 'கிராண்ட் பிரீ வெற்றி' என்று தலைப்பைப் பார்த்தவுடன் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.

எதிர்த்திசையிலும் பொறி உண்டு. 1950 முதல் 1960 வரை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயம் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. அதில் ஓடியவை ஃபார்முலா 1 விதிப்படியான கார்கள் அல்ல, ஐரோப்பிய ஓட்டுநர்கள் பெரும்பாலும் போகவும் இல்லை. ஆனாலும் புள்ளி புள்ளிதான். அதை விட்டுவிட்டால் 1950களின் எந்த ஆண்டும் சரிக்கட்டாது. 1952, 1953 இரண்டு ஆண்டுகளும் அதைத் தவிர்த்த மற்றப் பந்தயங்கள் ஃபார்முலா 2 விதிப்படி நடந்தன, அவையும் சேரும்.

நடத்தப்பட்டு, பிறகு அந்தஸ்து இழந்தவையும் இருக்கின்றன. 1981 பிப்ரவரியில் நடந்த தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீ, நிர்வாகச் சண்டையில் சாம்பியன்ஷிப் தகுதியை இழந்தது. அதை வென்றவர் கார்லோஸ் ரெய்ட்டமன். அந்த ஆண்டு நெல்சன் பிக்கேயிடம் 49-50 என்று ஒரே புள்ளியில் பட்டத்தைப் பறிகொடுத்தவரும் அவரே. இந்த ஒரு பந்தயத்தைத் தவறிச் சேர்த்தால் உங்கள் பட்டியல் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அணிகளுக்கான பட்டம், அதாவது தயாரிப்பாளர் சாம்பியன்ஷிப், 1958இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதற்கான பத்தியை (நெடுவரிசையை) வெறுமையாக விடுங்கள். நீங்களே கூட்டி நிரப்புவது ஆராய்ச்சி ஆகாது.

3. ஆவணங்களைச் சேகரிப்பது

ஒவ்வொரு சீசனுக்கும் நான்கு வகை ஆவணம் வேண்டும்.

முதலாவது, அந்த ஆண்டின் விளையாட்டு விதிமுறை. எத்தனை இடத்துக்குப் புள்ளி, எத்தனை முடிவுகள் கணக்கில் வரும், பந்தயம் இடையில் நின்றால் என்ன, சமநிலை வந்தால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். சீசன் நடுவில் திருத்தங்களும் வரும், ஆகவே எந்தத் தேதியிட்ட பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பந்தயத்தின் இறுதி வகைப்பாடு. இதில் 'தற்காலிகம்', 'இறுதி' என்று இரண்டு உண்டு. கொடி விழுந்த சற்று நேரத்தில் வெளிவருவது தற்காலிகம். வாகனப் பரிசோதனையும் விசாரணைகளும் முடிந்து வருவதே இறுதி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தலைப்பையும் வெளியான நேரத்தையும் பாருங்கள்.

மூன்றாவது, ஸ்டீவர்டுகளின் முடிவுகள். ஸ்டீவர்டுகள் என்பவர்கள் பந்தயத்தின் நடுவர் குழு. தண்டனை, தகுதி நீக்கம் எல்லாம் இவர்கள் கையெழுத்தில்தான் வரும். சமீப ஆண்டுகளில் ஒரு பந்தய வாரத்தின் எல்லா ஆவணங்களுக்கும் எஃப்.ஐ.ஏ., அதாவது பந்தயத்தின் உலக நிர்வாக அமைப்பு, வரிசை எண் இடுகிறது. உங்களிடம் 40ம் 42ம் இருந்து 41 இல்லையென்றால் அதைத் தேடிப் பிடியுங்கள். தண்டனை பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான் ஒளிந்திருக்கும்.

நான்காவது, சீசன் இறுதிப் புள்ளிப் பட்டியல். இது விடைத்தாள். கடைசியில் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். இதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டால் பிழை தெரியாமலே போய்விடும்.

கிடைக்கும் இடங்கள்: சமீப ஆண்டுகளின் ஆவணங்கள் எஃப்.ஐ.ஏ. இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கின்றன. ஃபார்முலா 1இன் அதிகாரப்பூர்வ தளத்தில் 1950 முதலான முடிவுகள் உள்ளன. அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் பழைய மோட்டார் பந்தய இதழ்கள், ஆண்டு மலர்கள், செய்தித்தாள் காப்பகங்கள்தான் கதி. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் நிர்வாக அமைப்பின் முடிவே முதலிடம், அதன்பின் அதிகாரப்பூர்வ தளம், அதன்பின் ஆண்டு மலர். பந்தயத்துக்கு மறுநாள் காலைச் செய்தித்தாளுக்குக் கடைசி இடம். அது அச்சுக்குப் போனபோது விசாரணை முடிந்திருக்காது.

4. புள்ளி அளவை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பது பலமுறை மாறியிருக்கிறது. இந்த அட்டவணையை மேசைமீது ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண், ஒரு பந்தயத்துக்கான மொத்தம்:

1950–1959: 8-6-4-3-2, வேகமான சுற்றுக்கு 1. மொத்தம் 24.
1960: 8-6-4-3-2-1. மொத்தம் 24.
1961–1990: 9-6-4-3-2-1. மொத்தம் 25.
1991–2002: 10-6-4-3-2-1. மொத்தம் 26.
2003–2009: 10-8-6-5-4-3-2-1. மொத்தம் 39.
2010 முதல்: 25-18-15-12-10-8-6-4-2-1. மொத்தம் 101.

இதற்கு மேல் ஒட்டுவேலைகள் உண்டு. 2014இல் அபுதாபியில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் இரட்டைப் புள்ளி, அதாவது 202. ஒரே ஆண்டில் கைவிட்டார்கள், நல்ல காரியம். 2019 முதல் 2024 வரை வேகமான சுற்றுக்கு மீண்டும் ஒரு புள்ளி, ஆனால் முதல் பத்து இடத்துக்குள் முடித்தால் மட்டும். 2024 சிங்கப்பூரில் டேனியல் ரிக்கார்டோ வேகமான சுற்றை ஓட்டியும் பத்துக்கு வெளியே முடித்ததால் அந்தப் புள்ளி யாருக்கும் போகவில்லை. ஆக அந்த ஆறு ஆண்டுகளில் மொத்தம் சில பந்தயங்களில் 102, சிலவற்றில் 101.

சனிக்கிழமை நடக்கும் 'ஸ்பிரிண்ட்' என்ற குறுகிய பந்தயங்களுக்கு 2021இல் 3-2-1. 2022 முதல் 8இல் தொடங்கி 1 வரை, மொத்தம் 36. ஸ்பிரிண்டைத் தனிப் பத்தியில் போடுங்கள். அதன் வெற்றி கிராண்ட் பிரீ வெற்றிக் கணக்கில் சேராது. புள்ளி மட்டும் சேரும்.

இது பிடிபட்டதா என்று சோதிக்க 2025ஐப் போட்டுப் பாருங்கள். 24 பந்தயங்கள், 6 ஸ்பிரிண்ட், வேகமான சுற்றுப் புள்ளி நீக்கப்பட்டுவிட்டது. 2424உடன் 216 சேர்ந்து 2640. பத்து அணிகளின் புள்ளிகளும் கூட்டினால் அதுவே வரும்.

5. கழிபடும் புள்ளிகள்: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

1990 வரை ஓர் ஓட்டுநரின் எல்லா முடிவுகளும் கணக்கில் வரவில்லை. சிறந்த இத்தனை முடிவுகள் மட்டும் சேரும், மிச்சம் கழிந்துவிடும். ஆகவே 1950–1990 சீசன்களுக்கு இரண்டு பத்திகள் கட்டாயம்: ஒன்று, ஈட்டிய புள்ளி, மற்றொன்று, கணக்கில் வந்த புள்ளி. நூல்களில் 90 (94) என்று எழுதியிருந்தால் முன்னது கணக்கில் வந்தது, அடைப்புக்குள் இருப்பது ஈட்டியது.

1988ஐ முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டும். சென்னா 8 வெற்றி (72), 3 இரண்டாமிடம் (18). பதினொன்றும் முடிந்தது, 90. அவருடைய நான்காம் இடமும் ஆறாம் இடமும் கழிந்தன. புரோஸ்ட் 7 வெற்றி (63), 7 இரண்டாமிடம் (42). ஆனால் ஏழில் நான்கு இரண்டாமிடங்களுக்கு மட்டும் இடம் இருக்கிறது, 24. ஆக 87. மூன்று இரண்டாமிடங்கள், 18 புள்ளிகள், விதியின் பெயரால் காற்றில் போயின. முடித்த பந்தயம் ஒவ்வொன்றிலும் முதலிரண்டு இடத்துக்குள் வந்த மனிதர் பட்டம் இழந்த கணக்கு இது. எனக்கு இந்த விதியின்மீது பெரிய மரியாதை இல்லை. ஆனால் பட்டியல் போடுபவரின் விருப்பத்துக்கு இங்கே இடமில்லை.

1964லும் இதே கதை: கிரகாம் ஹில் ஈட்டியது 41, ஜான் சர்டீஸ் 40. சிறந்த ஆறு மட்டும் எடுத்தபோது ஹில்லுக்கு 39. சர்டீஸ் சாம்பியன்.

எத்தனை முடிவுகள் சேரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1950இல் ஏழில் நான்கு, 1954இல் ஐந்து, 1981–1990 பதினொன்று. 1967 முதல் 1980 வரை இன்னும் தலைவலி: சீசனை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் சிறந்த இத்தனை என்று எடுத்தார்கள். 1979இல் முதல் 7 பந்தயங்களில் சிறந்த 4, பின் 8இல் சிறந்த 4. ஜோடி ஷெக்டர் ஈட்டிய 60இல் 51தான் நின்றது. இந்த ஆண்டுகளுக்கு எக்செல் தாளில் இரு பாதிகளுக்கும் இடையே ஒரு வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள். மொத்தமாக வரிசைப்படுத்திச் சிறந்தவற்றை எடுத்தால் விடை தவறும். பார்வைக்கு மட்டும் சரியாகத் தெரியும்.

சரிபார்ப்புத் தொகையை எப்போதும் ஈட்டிய புள்ளிப் பத்தியில்தான் போட வேண்டும். கணக்கில் வந்த பத்தி அதைவிடக் குறைவாக வரலாம்.

6. பின்னங்கள், பகிர்ந்த கார்கள், பாதிப் புள்ளிகள்

1957 வரை பந்தய நடுவில் ஓர் ஓட்டுநர் இறங்கி, அதே காரில் இன்னொருவர் ஏறி ஓட்டலாம். புள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். 1957 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை டோனி புரூக்ஸும் ஸ்டர்லிங் மாஸும் ஒரே வான்வால் காரில் வென்றார்கள். வெற்றிக்கான எட்டில் ஆளுக்கு நான்கு. 1951 பிரான்ஸ், 1956 அர்ஜென்டினா பந்தயங்களிலும் இப்படியே. ஆக ஓட்டுநர்களின் வெற்றிகளைக் கூட்டினால் நடந்த பந்தயங்களைவிட மூன்று அதிகமாக வரும். அது பிழை அல்ல, திருத்தப் போகாதீர்கள். 1958 முதல் பகிர்ந்த காருக்குப் புள்ளி நின்றுபோனது.

1954 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ தனி ரகம். அங்கே நேரம் முழு விநாடிக்கே குறிக்கப்பட்டதால் ஏழு பேர் ஒரே நேரத்தில் வேகமான சுற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஏழில் ஒரு புள்ளி. அந்த ஆண்டு ஹுவான் மானுவல் ஃபாங்கியோ ஈட்டியது 57 முழுவதும் 1/7ம், கணக்கில் வந்தது 42. 0.14 என்று எழுதினால் ஏழு முறை கூட்டும்போது 0.98தான் வரும். 1950களுக்கான பத்தியைப் பின்ன வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் புள்ளி வழங்கப்பட்ட பந்தயங்கள் ஆறு: 1975 ஸ்பெயின், 1975 ஆஸ்திரியா, 1984 மொனாக்கோ, 1991 ஆஸ்திரேலியா, 2009 மலேசியா, 2021 பெல்ஜியம். இவற்றைச் சிவப்பில் குறித்து வையுங்கள். 1984இல் நிக்கி லாடா 72, புரோஸ்ட் 71.5, அந்த அரைப் புள்ளி மழையில் நின்ற மொனாக்கோவிலிருந்து வந்தது. 2021 பெல்ஜியத்துக்குப் பிறகு விதியை மாற்றி, ஓடிய தூரத்துக்கேற்பப் படிப்படியாகக் குறையும் புள்ளி அளவைக் கொண்டுவந்தார்கள். ஆகவே 2022 முதல் சுருங்கிய பந்தயத்துக்குப் பாதி என்று கண்ணை மூடிப் போடாதீர்கள்.

தொகை குறைந்து வந்து காரணம் தெரியாவிட்டால், புள்ளி பெறத் தகுதியில்லாதவர் யாராவது புள்ளி இடத்தில் முடித்தாரா என்று பாருங்கள். 1984 இத்தாலியில் ஜோ கார்ட்னர் ஐந்தாவது, கெர்ஹார்ட் பெர்கர் ஆறாவது. இருவரும் தத்தம் அணியின் கூடுதல் காரில் வந்தவர்கள், அந்தக் கார்கள் சாம்பியன்ஷிப்புக்குப் பதிவாகவில்லை. அந்த மூன்று புள்ளிகளும் யாருக்கும் இல்லை.

7. அணிப் பத்தி தனியாக நடக்கும்

ஓட்டுநர்களின் புள்ளியைக் கூட்டினால் அணியின் புள்ளி வரும் என்று நினைப்பது இயல்பு. 1978 வரை அது தவறு: ஒரு பந்தயத்தில் ஒரு தயாரிப்பாளரின் காரில் முன்னால் வந்தது மட்டும்தான் கணக்கு. 1979 முதல்தான் எல்லாக் கார்களும் சேர்ந்தன. அதன்பிறகும் தண்டனைகள் இரு பத்திகளையும் பிரித்துவிடும்.

1997: மைக்கேல் ஷூமாக்கர் ஓட்டுநர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் அவருடைய பந்தய முடிவுகள் அப்படியே நின்றன. ஃபெராரியின் 102இல் அவருடைய 78ம் எடி இர்வைனின் 24ம் இருக்கின்றன. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பந்தயவாரியாகப் புள்ளி ஏறவில்லை, சீசன் இடம் மட்டும் ஏறியது.

2007: மெக்லாரன் அணிப் பட்டியலிலிருந்து நீக்கம், 10 கோடி டாலர் அபராதம். ஓட்டுநர்கள் லூயிஸ் ஹாமில்டன், ஃபெர்னாண்டோ அலோன்சோ இருவருக்கும் தலா 109 அப்படியே. சமநிலையில் ஹாமில்டன் இரண்டாமிடம். இருவருக்கும் நான்கு வெற்றிகள், ஆனால் அவருக்கு ஓர் இரண்டாமிடம் கூடுதல். சமநிலையை உடைப்பது இந்த எண்ணிக்கை முறைதான்.

2018: ஃபோர்ஸ் இந்தியா நிதி நெருக்கடியில் கைமாறியது. பெல்ஜியத்திலிருந்து புதிய அணியாகப் பூஜ்யத்தில் தொடங்கியது. அதுவரை சேர்த்த 59 அழிந்து, பிறகு சேர்த்த 52 மட்டும் நின்றது. ஓட்டுநர்கள் செர்ஜியோ பெரெஸ் 62, எஸ்டெபான் ஒக்கோன் 49, கூட்டினால் 111. 59ம் 52ம் அதுவே.

2020: ரேசிங் பாயிண்ட்டுக்கு 15 புள்ளி பிடித்தம், 4 லட்சம் யூரோ அபராதம். ஓட்டுநர் மூவரின் கூட்டுத்தொகை 210, அணிக்கு 195. மெக்லாரன் 202. மூன்றாமிடம் அங்கே கைமாறியது.

இந்த இடங்களில் வித்தியாசத்துக்கான காரணத்தை அடிக்குறிப்பாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் பட்டியலே உங்களுக்குப் பிழையாகத் தெரியும்.

அணிப் பெயர்களும் தொல்லைதான். டிரெல் என்று இருந்த இடம் பிஏஆர், ஹோண்டா, பிரான், மெர்சிடிஸ் என்று மாறியது. கட்டடமும் ஆட்களும் தொடர்ந்தாலும் பட்டியலில் ஒவ்வொன்றும் தனி அணி. பிரானின் 2009 பட்டத்தை மெர்சிடிஸின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

8. பெயர், தேதி, எண்

பந்தயத்தின் பெயரை வைத்து நாட்டை ஊகிக்க வேண்டாம். சான் மரினோ கிராண்ட் பிரீ இத்தாலியின் இமோலாவில் நடந்தது. 1997, 1998 லக்சம்பர்க் கிராண்ட் பிரீ ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில். 1982 சுவிஸ் கிராண்ட் பிரீ பிரான்சின் டிஜோனில். பெயருக்கு ஒரு பத்தி, ஓடுதளத்துக்கு ஒரு பத்தி.

தேதியை எப்போதும் பந்தயம் நடந்த ஊரின் தேதியாகவே எழுதுங்கள். 2023 லாஸ் வேகாஸ் பந்தயம் அங்கே நவம்பர் 18 சனிக்கிழமை இரவு. உலகின் பெரும்பகுதியில் அப்போது 19 பிறந்துவிட்டது.

கார் எண்ணை அடையாளமாக எடுக்காதீர்கள். ஓட்டுநருக்கு நிரந்தர எண் என்பது 2014இல் வந்த வழக்கம். குடும்பப் பெயர் மட்டுமே போட்டாலும் மாட்டுவீர்கள்: ஹில் என்ற பெயரில் மூன்று உலக சாம்பியன்கள் இருக்கிறார்கள், ஃபில், கிரகாம், டேமன்.

9. எப்போது எழுதி மூடலாம்

நடப்பு சீசனைத் தொடர்ந்து பதிபவர்களுக்கு இதுதான் முக்கியம். ஞாயிறு மாலை மேடையில் கோப்பை வாங்கியவரை நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். 2024 பெல்ஜியத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் வென்றார்; கார் 1.5 கிலோ எடை குறைவு என்று தகுதி நீக்கமாகி வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. 2023 ஆஸ்திரியாவில் ஓர் அணி புகார் கொடுக்க, பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டு ஓட்டுநர்களுக்குத் தண்டனை விழுந்தது. கார்லோஸ் சைன்ஸ் நான்கிலிருந்து ஆறுக்கு இறங்கினார். 2003 பிரேசிலில் கிமி ரைக்கொனன் வென்றதாக அறிவித்து, சில நாட்கள் கழித்து ஜான்கார்லோ ஃபிஸிகெல்லாதான் வெற்றியாளர் என்று திருத்தினார்கள்.

மாதக்கணக்கிலும் நீளும். 1976இல் ஜேம்ஸ் ஹன்ட்டுக்கு மே மாத ஸ்பெயின் வெற்றி பறிக்கப்பட்டு ஜூலையில் திரும்பி வந்தது. ஜூலை மாத பிரிட்டிஷ் வெற்றி செப்டம்பரில் பறிபோனது. சீசன் முடிவில் அவர் 69, லாடா 68. அந்த ஆண்டின் இடைக்காலப் பட்டியல் எதையும் நம்பாதீர்கள். 2007இல் கடைசிப் பந்தயம் அக்டோபர் 21. எரிபொருள் வெப்பநிலை தொடர்பான மேல்முறையீடு நவம்பர் நடுவில்தான் தள்ளுபடியானது. 2021இல் கடைசிப் பந்தயம் டிசம்பர் 12, மேல்முறையீட்டுப் பேச்சு கைவிடப்பட்டது டிசம்பர் 16.

என் நடைமுறை இது. ஞாயிறு: தற்காலிகம் என்று சாம்பல் நிறத்தில் பதிவு. செவ்வாய் அல்லது புதன்: இறுதி வகைப்பாட்டுடன் ஒப்பிட்டுக் கறுப்பாக்குதல். விசாரணை நிலுவை என்றால் சாம்பலாகவே விடுதல். டிசம்பரில் எஃப்.ஐ.ஏ. பரிசளிப்பு முடிந்த பிறகே சீசனை மூடுதல்.

10. செலவு

பட்டியலுக்கு மட்டும் என்றால் பணம் தேவையில்லை. அதிகாரப்பூர்வ முடிவுகளும் எஃப்.ஐ.ஏ. ஆவணங்களும் இலவசம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஜோல்பிகா தரவுச் சேவை 1950 முதலான முடிவுகளைத் தருகிறது; அளவோடு கேட்க வேண்டும், மளமளவென்று கோரிக்கை அனுப்பினால் தடுத்துவிடும். சுற்றுவாரி நேரம் வேண்டுமானால் ஃபாஸ்ட் எஃப்1 நிரல் தொகுப்பு 2018 முதல் உதவும், ஓப்பன் எஃப்1 2023 முதல். நேரலைச் சந்தா பந்தயம் பார்க்க நல்லது. புள்ளிப் பட்டியலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்காக மட்டும் கட்டாதீர்கள்.

பணம் கரைவது பழைய ஆண்டு மலர்களில். பதிப்பில் இல்லாத இதழ்களைச் சேகரிப்பாளர்கள் விலையேற்றி விற்பார்கள். வாங்கும் முன் பெரிய நூலகங்களிலும், சந்தா கட்டினால் திறக்கும் இதழ்க் காப்பகங்களிலும் தேடுங்கள். தேவையான ஆண்டுகளைச் சேர்த்துவைத்து ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டி வேலையை முடித்துக்கொள்வது சிக்கனம்.

உண்மையான செலவு நேரம்தான். 1991க்குப் பிந்தைய சீசன் ஒன்று சில மாலைகளில் முடியும். 1950களின் ஒரு சீசன், பந்தயங்கள் குறைவாக இருந்தும், அதைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

11. கணக்கு இடித்தால் தேட வேண்டிய வரிசை

முதலில் பாதிப் புள்ளிப் பந்தயம். அடுத்து வேகமான சுற்றுப் புள்ளி. அடுத்து பிந்தைய தகுதி நீக்கம், குறிப்பாக சீசன் முழுவதும் நீக்கப்பட்ட அணி; 1984இல் டிரெல் அப்படி நீக்கப்பட்டபோது பல பந்தயங்களின் இடங்கள் மேலே நகர்ந்தன, பழைய இதழ்களில் பழைய இடங்களே இருக்கும். அடுத்து புள்ளி பெறத் தகுதியற்ற கார். 1950கள் என்றால் பகிர்ந்த கார். கடைசியாக, சேரக்கூடாத பந்தயம் சேர்ந்ததா, சேர வேண்டியது விடுபட்டதா. இந்த வரிசையில் போனால் அநேகமாக மூன்றாவது படிக்குள் அகப்பட்டுவிடும்.

தொகை சரியானதும் பயன்படுத்திய ஆவணங்களையும் உங்கள் கணினியில் இறக்கி, ஆண்டுவாரியாக அதே கோப்புறையில் வையுங்கள். இணைப்பை மட்டும் குறித்து வைப்பது போதாது. பல ஆண்டுகள் எல்லோரும் நம்பியிருந்த எர்காஸ்ட் தரவுத்தளம் 2024 சீசனோடு பராமரிப்பு முடிந்து மூடப்பட்டது. அதை மட்டும் சுட்டிக்காட்டியிருந்த அடிக்குறிப்புகள் எல்லாம் இன்று எங்கும் திறப்பதில்லை.